கல்கத்தாவில் செய்து ஜெனீவாவில் பொருத்திய கண்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் சேர்ன் ஆய்வுகூடம் பற்றிப் பேசினால், "அதெல்லாம் பெரிய நாடுகளின் வேலை சேர்" என்ற பதில்தான் வருகிறது. வெள்ளவத்தையிலும் அதே பதில், கொட்டாஞ்சேனையிலும் அதே பதில். அதற்கு நாம் சொல்ல வேண்டிய வரலாறு பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஈயக் கருவொன்றில் 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் உள்ளன. அவற்றுக்குள் குவார்க்குகள் அடைபட்டிருக்கின்றன. இரண்டு ஈயக் கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டால், சூரியனின் மையத்தைவிட இலட்சம் மடங்குக்கும் அதிகமான வெப்பநிலை ஒரு கணம் உண்டாகிறது. அப்போது குவார்க்குகளும் அவற்றைப் பிணைத்து வைக்கும் குளுவோன்களும் கரைந்து ஒரே குழம்பாகின்றன. பிரபஞ்சம் தோன்றிய முதல் சில மைக்ரோ செக்கன்களில் எல்லாமே இந்த நிலையில்தான் இருந்தன என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

கல்கத்தாவில் 1977இல் ஒரு சைக்கிளோட்ரோன் இயங்கத் தொடங்கியது. ஆனால் குவார்க் குழம்பை உண்டாக்க அதன் சக்தி போதவே போதாது. பிகாஷ் சின்ஹாவும் வியோகியும் அவர்களுடைய குழுவினரும் அதற்காகக் கை கட்டி இருக்கவில்லை. மோதலைப் பார்க்கும் கருவியை நாம் செய்வோம் என்று இறங்கினார்கள். புவனேஸ்வர், சண்டிகர், ஜெய்ப்பூர், ஜம்மு ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள்.

கருவியின் தத்துவம் எளிது. முன்னால் ஓர் ஈயத் தகடு, பின்னால் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்கள். மோதலிலிருந்து வரும் ஒளித்துணிக்கை தகட்டில் பட்டுச் சிதறி, பல கட்டங்களை ஒன்றாக ஒளிரச் செய்யும். ஏனைய துணிக்கைகளில் பெரும்பாலானவை ஓரிரு கட்டங்களில் மட்டுமே தடம் விடும். இந்த வித்தியாசத்தை வைத்து ஒளித்துணிக்கைகளை எண்ணிவிடலாம்.

1990களின் நடுப்பகுதியில் டபிள்யூஏ98 என்ற பரிசோதனைக்காக இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் சேர்னில் பொருத்தப்பட்டன. 2000 பெப்ரவரியில், பொருளின் புதிய நிலைக்குச் சான்று கிடைத்திருப்பதாகச் சேர்ன் அறிவித்தது. அதற்கு ஆதாரமான ஏழு பரிசோதனைகளில் டபிள்யூஏ98உம் ஒன்று!

அடுத்து வந்தது 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள பெரிய வளையம். கொழும்புக் கோட்டையிலிருந்து பாணந்துறைக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2010 நவம்பரில் ஈயக் கருக்கள் மோதத் தொடங்கின. அவற்றை ஆராயும் அலிஸ் பரிசோதனைக்கு மியூவோன் துணிக்கைகளின் தடம் அறியும் பகுதியொன்றைக் கல்கத்தா சாஹா நிறுவனமும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்தன. சமிக்ஞைகளை வாசிக்கும் 'மானஸ்' சிப்பை வடிவமைத்ததும் சாஹா நிறுவனமே. அது உற்பத்தியானது சண்டிகரில்.

2017 ஜனவரியில் இந்தியா சேர்னின் இணை உறுப்பு நாடானது. அடுத்த மாதமே இலங்கையும் சேர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. கதவு நமக்கும் திறந்திருக்கிறது. கல்கத்தாக்காரர்கள் உள்ளே போனது பெரிய இயந்திரத்தோடு அல்ல, ஒழுங்காகச் செய்து முடித்த ஒரு பாகத்தோடு.

ஆகவே ஆசிரியர்களே, செய்முறைப் பாடவேளையைப் பரீட்சைக் குறிப்புகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். ஈயப்பற்று வைக்கவும், அளக்கவும், வழுவைக் கணக்கிடவும் பழகும் பிள்ளைதான் நாளை அந்தப் பாகத்தைச் செய்யப் போகிறது.