கோப்புச் சுருக்க வடிவங்களும் அவற்றின் நிலைபேறும்

கோப்புகள் பலவற்றை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிவைக்கும் வடிவங்கள் கணிப்பொறி உலகில் பல உள. அவற்றுள் நெடுங்காலக் காப்புக்கு உரியது யாது என வினவின், மிகுதியும் சுருக்குவதே என விடை கூறுவார் பலர். வரலாறு அக்கூற்றுக்கு அரண் செய்யவில்லை என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

கட்டுதல் வேறு, சுருக்குதல் வேறு. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த 'டார்' கட்டுவதற்கு மட்டுமே அமைந்தது. காந்த நாடாவில் எழுதுதற்பொருட்டுத் தோன்றிய அது, கோப்புகளை 512 பைட்டுத் துண்டங்களாக நிரல்பட வைக்குமேயன்றி அவற்றின் அளவைக் குறைப்பதில்லை. சுருக்கும் பணி 'கம்பிரஸ்' என்னும் வேறொரு மென்பொருளுக்கு உரியதாயிற்று. லெம்பெல், சிவ் ஆகிய இருவரும் 1978-இல் வகுத்த முறையை வெல்ச்சு என்பார் திருத்தி 1984-இல் வெளியிட்டார். கம்பிரஸ் இயங்கியது அவ்வழியிலேயே. யூனிக்ஸ் பயில்வோர் அதனைப் பெரிதும் கைக்கொண்டனர். அம்முறைக்குக் காப்புரிமை உண்டு என்பதும், அது யூனிசிஸ் நிறுவனத்தின் கையில் உள்ளது என்பதும் பின்னரே பலர்க்கும் புலனாயின. அமெரிக்காவில் அவ்வுரிமை 2003 வரை நீடித்தது.

இச்சிக்கலிலிருந்து விடுபடவே 1992-இல் கயீ, ஆட்லர் ஆகிய இருவரும் 'ஜிஜிப்' மென்பொருளை இயற்றினர். அது முன்னையதினும் நன்கு சுருக்கியது உண்மையே. எனினும் அதன் பிறப்பிற்குக் காரணம் சட்டமேயன்றிச் சுருக்கத்தின் மிகுதி அன்று. பழைய கம்பிரஸ் கோப்புகளையும் அது திறக்கும் என்பது போற்றத்தக்கது. ஜிஜிப் மேற்கொண்ட 'டிஃபிளேட்' முறை, 1989-இல் ஜிப் வடிவத்தை வெளியிட்ட பில் காட்ஸ் வகுத்ததாகும். ஜிப்பின் இலக்கணத்தை அவர் யாவரும் காண வெளியிட்டார். டிஃபிளேட்டின் விளக்கமும் 1996-இல் பொது ஆவணமாக வந்தது. ரோஷல் இயற்றிய 'ரார்' வடிவத்தின் நிலை வேறு. அதனைத் திறக்கும் மூலநிரல் கிடைக்கின்றது. அதனைக்கொண்டு சுருக்கும் மென்பொருள் ஆக்குதற்கு இசைவு இல்லை. நூறாண்டு காக்க எண்ணுவார் ஒருவர் உரிமையாளரையே நம்பியிருத்தல் தகாது என்பது எம் கருத்து.

பழுதுறும் நிலையையும் நோக்குதல் வேண்டும். ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண்ணையும் உடன்வைக்கும். ஆதலின் ஒன்று கெடினும் பிற பெரும்பாலும் பிழைக்கும். டாரில் கட்டியபின் முழுதும் ஒருசேரச் சுருக்கினால் அளவு மேலும் குறையும். ஆனால் இடையில் நேரும் ஒரு சிதைவு அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீட்டற்கு அரியதாக்கக்கூடும்.

தமிழ் நூல்களைக் காப்போர்க்கு இவற்றோடு வேறு இரண்டும் உரியன. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். அவற்றின் முதற்பைட்டு எங்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டனுள் ஒன்றே. இங்ஙனம் மீண்டும் மீண்டும் வருவதனைச் சுருக்க எளிய டிஃபிளேட்டே பெரிதும் உதவும். கோப்பின் பெயரோ அத்துணை எளிதன்று. பெயர் யுடிஎஃப்-8-இல் உள்ளது எனக் காட்டும் குறி ஜிப் இலக்கணத்தில் 2006-இல்தான் இடம்பெற்றது. அக்குறியில்லாத பழைய கட்டுகளைத் திறக்குங்கால் உள்ளிருக்கும் நூல் செவ்வனே இருப்பினும் அதன் தமிழ்ப்பெயர் உருத்தெரியாது சிதைந்து தோன்றுதல் உண்டு.