அமர்வுச் சமநிலை அளவீட்டின் வரலாறு

அமர்ந்த நிலையில் மேலுடலைச் சாயாமல் நிறுத்தும் திறன் அமர்வுச் சமநிலை எனப்படும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் தம்மை அறியாமலே உடலைச் சரிசெய்து கொள்வது இத்திறனால்தான். அசையாமல் அமர்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு, இருக்கையும் பாதங்களும் சேர்ந்த தாங்குபரப்புக்குள் விழும்வரை அவர் சாய்வதில்லை.

தொடக்க ஆய்வுகள்

17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஜொவான்னி போரெல்லி, ஒருவரைப் பலகையில் கிடத்தி, அப்பலகையைக் கூர்விளிம்பின் மேல் தராசுபோல் நிறுத்தி உடலின் ஈர்ப்பு மையத்தைக் கண்டார். 1836இல் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் பலகையை முதலில் தனியே சமன்செய்து, பிறகு உடலை மட்டும் நகர்த்தி அம்முறையைத் திருத்தினர். 1889இல் பிரவுனே, ஃபிஷர் இருவரும் உறைந்த சடலங்களைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பின் மையத்தையும் அளந்தனர். இவ்வாய்வுகள் பெரும்பாலும் படுத்த, நின்ற உடலையே நோக்கின.

மருத்துவத்தில் அமர்வு

முதுகுத்தண்டுவடக் காயமுற்றோருக்கு அமர்வதே முதல் சவால். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு, அவர்களுக்கு உட்காரப் பயிற்சி அளித்தது. தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் உழைப்பால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது.

அளவுகோலும் விசைத்தட்டும்

நின்றபடி கையை முன்னே நீட்டும் தூரத்தை அளக்கும் சோதனை 1990இல் வெளியானது. 1998இல் அது தண்டுவடக் காயமுற்றோருக்காக அமர்வு நிலைக்கு மாற்றப்பட்டது. தோள் உயரத்தில் அளவுகோலைப் பொருத்தி, சாயாமல் எவ்வளவு தூரம் எட்டுகிறார் என்று குறிப்பர். ஆய்வகங்களில் இருக்கைக்கு அடியில் வைக்கும் விசைத்தட்டு, உடல் எடை எந்தப் புள்ளியில் அழுத்துகிறது என்பதையும் அப்புள்ளியின் அசைவையும் பதிவுசெய்கிறது.

இன்றைய தேவை

ஏலத்தோட்டங்களில் நிழல்மரக் கிளைகளைக் கழிப்பது உயரத்தில் செய்யும் வேலை; தவறி விழுந்தால் முதுகெலும்பு முறியலாம். இரு கைகளையும் ஊன்றினால்தான் உட்கார முடியும் என்றால், சோறு உண்ணவும் பிறர் உதவி வேண்டும். ஊன்றிய கையை எடுத்துச் சற்று முன்னே நீட்ட முடிந்தால் தட்டு எட்டும். விசைத்தட்டு இல்லாத மலையடிவாரத்து வீட்டிலும், பயிற்சி பெற்ற ஒருவர் சாதாரண அளவுகோலால் அந்த முன்னேற்றத்தை அளந்து காட்ட முடியும்.