பட்டியலில் சேர்வதும் விலகுவதும்: வாடிக்கையாளர் தரவு ஒத்திசைவின் ஒரு சுருக்க வரலாறு

ஒரு வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் இன்று ஒரே இடத்தில் இருப்பதில்லை. விற்பனைப் பிரிவின் சிஆர்எம் மென்பொருளில் ஒரு படி, பில் போடும் செயலியில் ஒரு படி, புகார்களைப் பதியும் உதவி மையத்தில் ஒரு படி, செய்திமடல் அனுப்பும் மின்னஞ்சல் சேவையில் மற்றொரு படி எனப் பரவிக் கிடக்கிறது. ஓரிடத்தில் நிகழும் மாற்றத்தைப் பிற இடங்களுக்கும் கொண்டு சேர்க்கும் பணியே ஒத்திசைவு எனப்படுகிறது. இது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய சிறு தொழில்நுட்பச் சிக்கல் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் இதன் வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது: பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும் செய்தி எல்லாப் படிகளுக்கும் எளிதில் போய்ச் சேர்கிறது, அவர் விலகிக்கொண்ட செய்தி வழியிலேயே தங்கிவிடுகிறது. இந்தியாவில் தனிநபர் தரவுக்கான சட்டம் வந்துள்ள இக்காலத்தில், அந்த ஏற்றத்தாழ்வின் வேர்களை அறிவது பயனுடையது.

பட்டியல் ஒரே படியாக இருந்த காலத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் டங்கன் 1896இல் அட்ரெஸ்ஸோகிராப் என்னும் முகவரி அச்சிடும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இப்பொறியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் உலோகத் தகடு என்ற முறை நிலைபெற்றது. பெயரும் முகவரியும் பொறிக்கப்பட்ட தகடுகள் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பொறிக்குள் வரிசையாகச் செலுத்தினால் உறைகளில் முகவரி பதியும். ஒருவரை நீக்க வேண்டுமானால் அவருடைய தகட்டை எடுத்துவிட்டால் போதும். அடுத்த சுற்றில் அவருக்குக் கடிதம் போகாது. பட்டியலும் அதன் படியும் ஒன்றாகவே இருந்ததால் நீக்கம் என்பது முழுமையான செயலாக இருந்தது.

கணிப்பொறி இந்த எளிமையைக் குலைத்தது. அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் ஐந்து இலக்க ஜிப் குறியீட்டை அறிமுகப்படுத்திய பிறகு, அஞ்சல் வழி விளம்பரம் கணிப்பொறிப் பட்டியல்களை நோக்கி வேகமாக நகர்ந்தது. காந்த நாடாவில் பதிந்த பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் படியெடுக்கலாம், வாடகைக்கு விடலாம், வேறொரு பட்டியலோடு கலக்கலாம். கலந்தபின் இருமுறை வரும் பெயர்களைக் கழிக்கும் பணி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்தப் பணி ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பியது: இரண்டு பதிவுகள் ஒரே மனிதரைக் குறிக்கின்றனவா என்பதை எவ்வாறு முடிவு செய்வது?

இக்கேள்விக்கான விடைகள் வணிகத்துக்கு வெளியேதான் முதலில் உருவாயின. ஒலிப்பு ஒத்திருக்கும் குடும்பப் பெயர்களை ஒரே குறியீட்டின் கீழ்க் கொண்டுவரும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்றார். கனடாவில் ஹோவர்ட் நியூகோம்பும் அவருடைய குழுவினரும் பிறப்பு, திருமணப் பதிவேடுகளைக் கணிப்பொறி வழியே இணைத்த முறையை 1959இல் வெளியிட்டனர். அதற்குக் கணிதக் கோட்பாட்டை 1969இல் வழங்கியவர்கள் இவான் ஃபெல்லெகியும் ஆலன் சன்டரும். இருவேறு மனிதரை ஒருவராக இணைத்துவிடும் பிழை, ஒரே மனிதரை இருவராக விட்டுவிடும் பிழை ஆகிய இரண்டையும் ஒருசேர எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதே அவர்களது ஆய்வின் மையம்.

முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரு கட்டங்களை முன்வைத்து உருவான இம்மரபு இந்தியப் பெயர்களிடம் தடுமாறுவதில் வியப்பில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ்நாட்டு வழக்கில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இட எதுவும் இருப்பதில்லை. எனவே ‘எஸ். முருகன்’ ஒரு செயலியிலும் ‘முருகன் எஸ்.’ மற்றொன்றிலும் இரு வேறு வாடிக்கையாளர்களாக நிற்பர். ஒரே பெயரை ஆங்கில எழுத்துகளில் பலவாறாக எழுதும் பழக்கம் சிக்கலைப் பெருக்குகிறது. இதனால்தான் இணையச் செயலிகள் பெயரைக் கைவிட்டு மின்னஞ்சல் முகவரியை அடையாளமாகக் கொள்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே மின்னஞ்சலைப் பயன்படுத்தும் வீடுகளும் உண்டு. கைபேசி எண்ணை அடையாளமாகக் கொண்டாலும், துண்டிக்கப்பட்ட எண் சில காலத்துக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடுகிறது. அப்போது ஒருவர் தந்த ஒப்புதல், அவரை அறியாத இன்னொருவரின் தலையில் விழுகிறது.

ஒரு பதிவு யாருடையது என்பது முதற்சிக்கல். பல படிகளில் ஒன்றில் நீக்கப்பட்டதை மற்றப் படிகளுக்கு எப்படித் தெரிவிப்பது என்பது இரண்டாம் சிக்கல். இதைத் தெளிவாக எதிர்கொண்ட ஆரம்பகால அமைப்புகளுள் ஒன்று, பொருத்தமாகவே, ஒரு மின்னஞ்சல் அமைப்புதான். கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவான அதன் பெயர் கிரேப்வைன். ஆண்ட்ரூ பிரெல், ராய் லெவின், ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் 1982இல் அதனை விவரித்து எழுதினர். பயனாளர் பெயர்களும் அஞ்சல் குழுக்களின் உறுப்பினர் பட்டியல்களும் அதில் பல வழங்கிகளில் படிகளாக வைக்கப்பட்டிருந்தன. ஓர் உறுப்பினரை ஒரு படியிலிருந்து வெறுமனே அழித்துவிட்டால் என்ன நேரும்? அவர் பெயரை இன்னும் வைத்திருக்கும் மற்றொரு படி, இங்கே பெயர் இல்லாததைக் கண்டு, இது புதிதாகச் சேர்க்க வேண்டிய பெயர் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடும். இல்லாமையைப் பார்த்து, ‘இன்னும் வரவில்லை’ என்பதையும் ‘வந்து போய்விட்டது’ என்பதையும் பிரித்தறிய இயலாது. ஆகவே கிரேப்வைன், இருப்போர் பட்டியலோடு நீக்கப்பட்டோர் பட்டியலையும் நேரக் குறிப்புடன் வைத்திருந்தது.

அதே மையத்தில் ஆலன் டெமர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு பெயரையும் சூட்டியது: இறப்புச் சான்றிதழ். நீக்கப்பட்ட பதிவின் இடத்தில் ஒரு சான்றிதழை வைத்து, அதையும் ஏனைய செய்திகளைப் போலவே படிதோறும் பரப்ப வேண்டும். பழைய படி ஒன்று எங்கிருந்தாவது தலைகாட்டினால் சான்றிதழ் அதைத் தடுக்கும். சான்றிதழ்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் கேள்வியாயிற்று. விரைவில் அழித்தால் இறந்தவை மீண்டெழும். என்றென்றும் வைத்தால் இடம் நிரம்பும். எனவே சில இடங்களில் மட்டும் அவற்றை உறங்குநிலையில் வைத்திருந்து, தேவைப்படும்போது எழுப்பும் முறையை அவர்கள் முன்மொழிந்தனர். நீக்கம் என்பது பதிவு செய்யப்பட வேண்டிய ஒரு தனி நிகழ்வு என்பதே இந்த ஆய்வுகள் கண்ட உண்மை.

வணிக மின்னஞ்சலின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. ஆனால் இப்பாடத்தை அது தாமதமாகவே கற்றது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், அர்ப்பாநெட் பயனாளர்கள் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு விற்பனை அழைப்பை அனுப்பினார். வேண்டாத வணிக மின்னஞ்சலின் தொடக்கமாகப் பரவலாகச் சுட்டப்படும் அந்த அழைப்புக்கு முகவரிகள் அச்சிட்ட பயனாளர் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. வேறொரு நோக்கத்துக்காகத் தொகுத்த பட்டியல் விற்பனைப் பட்டியலாக மாறியது. எரிக் தாமஸ் 1986இல் எழுதிய லிஸ்ட்செர்வ் மென்பொருள், சேர்வதையும் விலகுவதையும் பயனாளரே ஒரு கட்டளையால் செய்துகொள்ள வழிவகுத்தது. அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் பட்டியல் ஒன்றே. எனவே உலோகத் தகட்டின் எளிமை சிறிது காலம் திரும்பி வந்தது.

1990களின் நடுப்பகுதியில் தொடர்பு விவரங்கள் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குச் செல்லத் தொடங்கின. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமன்ஸ் ஆகியவை இணைந்த வெர்சிட் கூட்டமைப்பு விகார்டு வடிவத்தை உருவாக்கியது. 1998இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில், ஒரு விவரம் பொதுவானதா, தனிப்பட்டதா, மறைபொருளா எனக் குறிக்க ஒரு கூறு இருந்தது. 2011இல் வெளியான நான்காம் பதிப்பில் அது கைவிடப்பட்டது. பெயர், எண், முகவரி, படம், பிறந்தநாள் அனைத்தும் பயணம் செய்தன. ‘இதை இதற்கு மட்டும் பயன்படுத்துக’ என்னும் குறிப்பு பயணம் செய்யவில்லை.

பின்னர் இணையச் செயலிகள் வந்தன. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இலும் மெயில்சிம்ப் 2001இலும் தோன்றின. சென்னையிலிருந்து இயங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், பின்னாளில் சோஹோ என்று பெயர் மாறியது, 2005இல் சோஹோ சிஆர்எம் சேவையைத் தொடங்கியது. விற்பனைக்கு ஒரு சேவை, செய்திமடலுக்கு ஒரு சேவை எனப் பிரிந்தபின் அவற்றை இணைக்கும் பாலங்கள் தேவைப்பட்டன. ஏபிஐ, 2007இல் பெயர்பெற்ற வெப்ஹூக், 2011இல் தோன்றிய சேப்பியர் போன்ற இணைப்புச் சேவைகள் அத்தேவையை நிறைவு செய்தன.

இப்பாலங்களில் பல இயங்கும் விதத்தைக் கவனித்தால் பழைய சிக்கல் புது உருவில் நிற்பதைக் காணலாம். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு செயலி மற்றொன்றிடம், ‘கடைசியாகக் கேட்டபின் மாறிய பதிவுகள் எவை?’ என்று வினவுகிறது. புதிய பதிவும் திருத்தப்பட்ட பதிவும் விடையில் வரும். முழுதாக அழிக்கப்பட்ட பதிவு வராது. விடையில் வருவதற்கு அது இல்லை. அதேபோல், செய்திமடலின் அடியில் உள்ள இணைப்பைச் சொடுக்கி ஒருவர் விலகினால், அது மின்னஞ்சல் சேவையில் மட்டுமே பதிவாகலாம். ஒருவழி ஒத்திசைவில் சிஆர்எம் அதை அறியாது. மின்னஞ்சல் சேவைகள் பல, விலகியவரை மீண்டும் சேர்க்க விடாமல் தடுக்கின்றன. எனினும் நிறுவனம் வேறொரு சேவைக்கு மாறி, சிஆர்எம்மிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை அங்கே ஏற்றினால், அந்த நினைவு பின்தங்கிவிடுகிறது. விலகியவர் மீண்டும் வாடிக்கையாளராகிறார். இதில் யாருக்கும் தீய எண்ணம் இருக்க வேண்டிய தேவையில்லை.

சட்டங்கள் இத்தாமதத்தை அறிந்தே எழுதப்பட்டன. 2003ஆம் ஆண்டின் அமெரிக்க கேன்-ஸ்பேம் சட்டம், விலகல் கோரிக்கையை நிறைவேற்ற நிறுவனங்களுக்குப் பத்து வேலை நாள்கள் அளித்தது. அதை மூன்று நாள்களாகக் குறைக்கும் முன்மொழிவை அந்நாட்டு வணிக ஆணையம் 2005இல் வைத்தது. 2008இல் பத்து நாள்களையே தக்கவைத்தது. 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் இன்னும் ஆழமாகச் சென்றது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதை அளிப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. தரவு அழிக்கப்பட்டால், அதைப் பெற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும், இயலாதது என்றோ அளவுக்கு மீறிய முயற்சி தேவை என்றோ ஆகாதவரை, அச்செய்தியைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சட்டமொழியில் எழுதப்பட்ட இறப்புச் சான்றிதழ் என்றே அதைச் சொல்லலாம். 2024இல் கூகுளும் யாகூவும், பெருமளவில் அஞ்சல் அனுப்புவோர் விலகல் கோரிக்கையை இரண்டு நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தன.

இந்தியாவில் இந்த வரலாறு தொலைபேசியிலிருந்து தொடங்குகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007இல் கொண்டுவந்த விதிமுறைகள், விளம்பர அழைப்பு வேண்டாம் என்போருக்காக ஒரு தேசியப் பதிவேட்டை உருவாக்கின. விற்பனை அழைப்பு விடுப்போர் தம் பட்டியலை அப்பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கழித்துக்கொள்ள வேண்டும். 2018இன் விதிமுறைகள், விருப்பங்களையும் ஒப்புதல்களையும் பரவலாக்கப்பட்ட பேரேட்டில் பதியும் முறைக்கு நகர்ந்தன. ஆனால் இவை அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியவை. மின்னஞ்சல் பட்டியல்கள் இவற்றின் எல்லைக்கு வெளியே நின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்த பின், 2023 ஆகஸ்டில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், நிறுவனம் தானும் நிறுத்த வேண்டும். தன் சார்பில் தரவைக் கையாளும் பிற சேவைகளையும் நிறுத்தச் செய்ய வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

இங்கே ஒரு முரண் எஞ்சுகிறது. ‘எனக்கு எழுதாதே’ என்ற கோரிக்கையைக் காக்க, அவருடைய முகவரியை எங்கோ ஓரிடத்தில் வைத்திருந்தாக வேண்டும். ‘என்னை அழித்துவிடு’ என்ற கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றினால், நாளை வேறொரு கோப்பிலிருந்து அவர் பெயர் திரும்பி வரும்போது அதைத் தடுக்க எதுவும் இராது. ஆகவே பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், விளம்பரத்தை மறுத்தவரின் விவரத்தை முற்றாக அழிப்பதை விட, தடுப்புப் பட்டியலில் தேவையான அளவுக்கு மட்டும் வைத்திருக்குமாறு வழிகாட்டுகிறது. 1982இல் கிரேப்வைன் கண்ட தீர்வும் இதுதான்.

தரவு குறித்த வரலாற்று ஆய்வுகள் இதுவரை சேகரிப்பையே அதிகம் பேசியுள்ளன: யார் சேகரித்தார், எவ்வளவு சேகரித்தார், யாருக்கு விற்றார் என்பன அவற்றின் கேள்விகள். ஒரு மறுப்பு எந்தெந்தப் படிகளைக் கடந்தது, எங்கே நின்றுபோனது, அதைச் சுமந்து செல்லும் கட்டம் அந்த வடிவத்தில் இருந்ததா என்னும் கேள்விகளும் அவ்வளவே முக்கியமானவை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு நடைமுறையில் என்ன பொருள் பெறும் என்பது நீதிமன்றங்களில் மட்டும் தீர்மானிக்கப்படப் போவதில்லை. சிஆர்எம்முக்கும் மின்னஞ்சல் சேவைக்கும் இடையே பாலம் அமைக்கும் ஒரு பொறியாளர், ‘விலகியவர்’ என்ற நிலையையும் எதிர்த்திசையில் அனுப்ப ஒரு வரி எழுதுகிறாரா என்பதிலும் அது தீர்மானிக்கப்படும்.