எல் போர்டும் எட்டும்: சாலை விதிகள் பிறந்த கதை

இரணியலில் பதினெட்டு வயது முடிந்ததும் பையன்கள் வீட்டில் முதலில் கேட்பது பைக். வீட்டில் சம்மதித்தால் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். முப்பது நாள் கழித்துக் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். எட்டு போடத் தெரிந்த பலருக்கும் இந்த விதிகள் எப்படி வந்தன என்பது தெரியாது. யாரோ பெரிய மனிதர்கள் அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியதா? பெரும்பாலும் இல்லை. உயிர்கள் போன பிறகு எழுதப்பட்டவையே அதிகம்.

சிவப்புக் கொடிக் காலம்

1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. இயந்திர வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும்! இன்று கேட்டால் சிரிப்பு வரும்.

ஆனால் 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். அந்தக் கார் ஆமை வேகத்தில்தான் வந்தது என்றார்கள். விபத்து என்று தீர்ப்பாகி வழக்கு முடிந்தது.

பிறகு கார்கள் பெருகின. 1930-ல் அங்கே கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். 1934-ல் மட்டும் 7,343 பேர் சாலையில் இறந்தார்கள். அதன் பிறகுதான் புத்தி வந்தது. 1935-ல் ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பு திரும்பவும் வந்தது. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. இன்று நம் ஊர் டிரைவிங் ஸ்கூல் கார்களில் தொங்கும் 'எல்' போர்டும் அந்த ஆண்டில் அங்கே பிறந்ததுதான்.

திருவிதாங்கூரில்

அப்போது இரணியல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1914 செப்டம்பரில் அந்தச் சமஸ்தானமே அதிர்ந்தது. 'கேரள காளிதாசன்' என்று போற்றப்பட்ட கவிஞர் கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் வைக்கத்திலிருந்து திரும்பும்போது காயங்குளம் அருகே அவருடைய கார் விபத்துக்குள்ளானது. நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது என்பார்கள். செப்டம்பர் 22 அன்று அவர் காலமானார். நாய் குறுக்கே வருவது இன்றும் நம் சாலைகளில் அன்றாடக் காட்சிதானே!

அதே 1914-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் அகில இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939 சட்டம் அதை விரிவாக்கியது. அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைக்க மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1946 முதல் கட்டாயமானது. திருவிதாங்கூர் தனி அரசு என்பதால் இவை அப்போது இங்கே நேரடியாகச் செல்லவில்லை. ஆனால் 1938-ல் திருவிதாங்கூர் அரசே பஸ் ஓட்டத் தொடங்கியது. சாலைகளில் வண்டிகள் கூடின. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இன்றைய விதிகளுக்கு அடிப்படை, 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 1988 சட்டம்.

சட்டம் மட்டும் போதுமா? 2012-ல் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துச் சாவுகளைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. அப்படியும் 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு ஏழு பேர் உயிரிழந்தது அதிவேகத்தால்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்கவே ஒரு நொடி ஆகும். அதற்குள் 10 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின் சுமார் 10 மீட்டர். மொத்தம் 20. வேகம் 72 ஆனால்? 20 மீட்டரும் 40 மீட்டரும் சேர்ந்து 60! வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. இது நல்ல காய்ந்த ரோட்டில்.

அதனால் புதிதாக ஓட்டுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் நான்கு வரை எண்ணுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரியில் இது முக்கியம்.

2. வளைவிலும் பாலத்திலும் முந்த வேண்டாம். எதிரே வருவது தெரியாது.

3. திரும்பும் முன் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், அதன் பிறகே ஹேண்டில்பார்.

4. பைக்கில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

5. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது கழன்று போகும்.

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். விபத்து நடந்த வீட்டில் எல்லோரும் சொல்வது "எல்லாம் விதி" என்றுதான். தலைவிதியை மாற்ற யாராலும் முடியாமல் இருக்கலாம். சாலை விதியைக் கடைப்பிடிப்பது நம் கையில்தான் இருக்கிறது.