கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்: கடவுளை அறிய முடியுமா?

கடவுள் உண்டா என்ற வினாவைக் காட்டிலும், உண்டெனில் அவரை அறிதல் இயலுமா என்ற வினாவே கடினமானது. கொழும்பில் இவ்வினா இருமுறை சந்திக்கு வந்தது.

முதலாவது, கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் வாழ்ந்த மீகெட்டுவத்தே குணானந்த தேரரால். 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மெதடிஸ்த மதகுரு டேவிட் டி சில்வாவோடு அவர் வாதிட்டார். மனிதரைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என்று ஆதியாகமம் கூறுகிறதே, முற்றும் அறிந்தவர் பின்னர் வருந்துவாரா? எகிப்தில் தம் மக்களின் வீடுகளை இனங்காண நிலைக்கதவில் இரத்த அடையாளம் அவருக்கு எதற்கு? இவை தேரரின் கேள்விகள். ஆன்மா இல்லையென்றால் வினைப்பயனை அனுபவிப்பது யார் என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது.

கேள்விகள் கூர்மையானவைதாம். ஆயினும் தேரர் சோதித்தது கடவுளை அன்று. கடவுளைப் பற்றி ஒரு நூல் தரும் வர்ணனையை. கூட்டம் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. ‘சிலோன் டைம்ஸ்’ ஆசிரியர் ஜோன் கப்பர் விவாதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார் (எங்கள் தொழில் செய்த வேலை!). அமெரிக்காவில் அதைப் படித்த ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். 1883 உயிர்த்த ஞாயிறன்று, தேரரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. அறிவைப் பற்றிய வினா பத்தே ஆண்டுகளில் தெருச்சண்டையாயிற்று.

இரண்டாமவர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் 1898இல் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தவர்; 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்தவர். ஓய்வுபெற்ற பின் வெள்ளவத்தை பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்தார். 1963இல், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். உறையிலிட்டு மூடிய நாணயத்தாளின் இலக்கத்தை வாசிப்பது அவர் வகுத்த சோதனைகளுள் ஒன்று. அவர் இருந்தவரை எவரும் அப்பணத்தை வெல்லவில்லை. ஏமாற்றுச் சாமியார்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பேன். ஆனால் நாணயத்தாளை வாசிக்க ஒருவராலும் இயலாமற்போனதால் கடவுள் இல்லையென்று ஆகிவிடுமா? அவரது சவால் கடவுளின் முகவர்கள் என்போருக்கே உரியது.

சைவர்களாகிய நம்மிடம் இவ்வினா பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இன்னும் நுட்பமாக ஆராயப்பட்டுவிட்டது. சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரத்தில் மெய்கண்டார் இரு வழிகளையும் அடைக்கிறார். சுட்டி அறியப்படும் பொருள் மாறி அழிவது. எவ்வகையாலும் அறியப்படாதது இல்பொருள். சிவம் இவ்விரண்டும் அன்று. பாசஞானத்துக்கும் பசுஞானத்துக்கும் எட்டாத அது, பதிஞானம் ஒன்றாலேயே அறியப்படும் என்கிறார்.

கோவூரின் உறைக்குள் வைத்துச் சோதிக்கக்கூடிய அறிவு அன்று இது. அதேவேளை, அறிந்தவர் அதை இன்னொருவருக்குச் சான்றாக எடுத்துக்காட்டவும் வழியில்லை. எழுத்துமூல ஆதாரம் கேட்டே பழகிய எனக்கு இந்த இரண்டாவது உண்மைதான் நெருடுகிறது. கோவூரை அது சற்றும் நெருடியிராது. 1978 செப்டம்பர் 18ஆம் திகதி அவர் காலமானார். கண்களைத் தானமாகவும் உடலை மருத்துவ மாணவர்களின் கல்விக்காகவும் ஏற்கெனவே கொடுத்துவைத்திருந்தார்.