காரைதீவுக் கரையில் மிசன் பள்ளிக்கூடம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே இறங்கும் கடலோர வீதியில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன: மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே நெல்வட்டை, நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கிய குடியிருப்புகள். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்களே. இந்தக் கரையில் கிறிஸ்தவ மிசன்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வேலை செய்தன. அப்படியிருந்தும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பேரளவே. ஞானஸ்நானக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது பெரிதாகப் பலிக்காத முயற்சி. ஆனால் மிசன் கொண்டுவந்த பள்ளிக்கூடத்தை ஊரார் விடவில்லை. முதலில் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். பிறகு அதேபோலத் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள்.

தொடக்கம் 1814. மெதடிஸ்த சபையின் தோமஸ் கோக், ஆசியாவுக்கு மிசன் அனுப்பவேண்டும் என்று வயதான காலத்தில் பிடிவாதமாக நின்று, இளம் பாதிரிமார் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். 1814 மே மாதத் தொடக்கத்தில் இந்து சமுத்திரத்தின் நடுவிலேயே அவர் இறந்துபோனார். தலைவர் இல்லாமல் காலியில் கரையிறங்கியவர்கள் தங்களுக்குள் ஊர்களைப் பங்கிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு லிஞ்சும் ஸ்குவான்சும் போனார்கள், மாத்தறைக்கு எர்ஸ்கின். மட்டக்களப்பு வில்லியம் ஓல்ட்டுக்கு விழுந்தது. ஓல்ட் தன் மனைவியை அந்தப் பயணத்திலேயே பறிகொடுத்திருந்தார். மட்டக்களப்பில் அவர் தமிழ் படித்தார், பள்ளிகள் திறந்தார். அவை எட்டு என்று மெதடிஸ்த மரபு சொல்கிறது. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி, வந்து எட்டு மாதமளவில், நோயில் இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்க ஆண்டாக 1814ஐயே கொள்கிறது. வாவிக்கரையில் ஓல்ட்டுக்குச் சிலையும் உண்டு. எட்டே மாதம் தங்கியவருக்கு இது கொஞ்சம் பெரிய மரியாதைதான். ஆனால் அவருக்குப் பின் பல ஆண்டுகள் தங்கியவர்களின் பெயரை ஊர் மறந்துவிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், மிசன் வரலாறு எவ்வளவு தூரம் தொடக்கக்காரரின் வரலாறாகவே எழுதப்படுகிறது என்பது தெரியும்.

1840களில் ரால்ஃப் ஸ்டொட் பாதிரியார் காலத்தில் மிசன் உள்நாட்டு வேடர் பக்கம் திரும்பியது. அரசும் கைகொடுத்தது. காணி கொடுத்து, வீடு கட்டிக்கொடுத்து, பயிர்செய்ய வைத்து, கூடவே வேதமும் பள்ளியும் என்பது திட்டம். அப்படி அமைத்த குடியேற்றங்களில் சில, சில ஆண்டுகளிலேயே வெறிச்சோடின. காட்டையும் தேனையும் வேட்டையையும் நம்பியிருந்தவர்களுக்கு வேலியடைத்த காணி ஒத்துவரவில்லை.

கரையோரத்து ஊர்களில் தடை வேறு வகையானது. இங்கே ஒருவர் தன் தாயின் குடியைச் சேர்ந்தவர். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கோயில் நிர்வாகம் குடிகளிலிருந்து வரும் வண்ணக்கர் கையில் இருக்கும். முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி உண்டு. அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பார். இந்த அமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதைத் திருவிழாவில் கண்ணாலே பார்க்கலாம். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டால் கண்ணகி வழக்குரை பாடப்படும், குளிர்த்தியோடு சடங்கு முடியும். இப்பகுதிக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை, காளாஞ்சி என்ற கோயில் மரியாதை எவருக்கு முதலில் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வரையறுத்த உரிமைகள். காளாஞ்சி கொடுக்கும் வரிசை மாறினாலே வழக்கு வரும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வேதத்துக்கு மாறுவது தனிமனிதர் மனம்மாறும் காரியமாக இருக்க முடியாது. கோயிலில் குடியின் பங்கு, கலியாண உறவு, பெரிய வயற்காரரான போடியாரின் வயலில் கிடைக்கும் வேலை எல்லாம் அதோடு ஆட்டம் காணும். பாதிரிமார் இதைப் பிடிவாதம் என்றும் அறியாமை என்றும் எழுதினார்கள். மாறினால் எதை இழக்க நேரும் என்று ஊரார் போட்ட கணக்கு அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதில் எவருடைய குடியும் குலையவில்லை. அதுவரை எழுத்து தெரிந்தவர் திண்ணையில் ஏடு சொல்லிக்கொடுத்தார், முஸ்லிம் பிள்ளைகள் லெப்பையிடம் குர்ஆன் ஓதினார்கள். இங்கிலீசு தெரிந்தால்தான் கச்சேரியில் உத்தியோகம் என்ற நிலை வந்தபோது, அதைக் கற்பிக்கும் இடம் மிசனிடம்தான் இருந்தது. கல்முனையில் மெதடிஸ்த மிசனின் பள்ளி 1883இல் தொடங்கியது. ஒரு காலத்தில் லீட்ஸ் என்ற இங்கிலாந்து நகரின் பெயரால் அழைக்கப்பட்ட அந்தப் பள்ளி இன்று உவெஸ்லி உயர்தரப் பாடசாலை. கத்தோலிக்கர் பக்கத்தில், 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் பிரெஞ்சு யேசுசபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தவர்கள் அவர்களே. கல்முனையின் கார்மேல் பாத்திமா கல்லூரியும் கத்தோலிக்க மரபில் வந்ததுதான்.

இந்தப் பள்ளிகளை நடத்திய பணம் முழுவதும் சீமையில் உண்டியல் குலுக்கிச் சேர்த்தது என்று எண்ணுவது பிழை. 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் அமைந்த பிறகு, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவிநன்கொடை கொடுத்தது, அதுவும் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து. ஆண்டுக்கொருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகள் குளித்து, திருநீறு பூசியோ தொப்பி போட்டோ வரிசையில் நிற்பார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிக்கப்படும். தேறிய தலைக்கு இவ்வளவு என்று காசு. அன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் பள்ளிக்கு நட்டம். உபாத்தியாயரின் சம்பளமும் ஒரு வகையில் அந்தப் பிள்ளையின் உடம்பைப் பொறுத்ததாகிவிடும்.

பள்ளிக்கு மனேஜர் பாதிரியார். உபாத்தியாயரை வைப்பதும் நீக்குவதும் அவர் கையில். அரசின் காசில் பெரும்பகுதியைச் செலவழித்து, வேதபாடத்தை நாளின் முதல் பாடமாக வைக்கும் வசதி மிசனுக்கு இருந்தது. மறுப்புள்ள பெற்றோர் பிள்ளையை வேதபாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று மனச்சாட்சி விதி ஒன்று சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்த விதியைக் கேட்டு வாங்க, பாதிரியார் முன் நின்று பேசத் துணிவுள்ள தகப்பன் வேண்டும். ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்கும் இடத்துக்குக் கால் மைலுக்குள் புதிய பள்ளிக்கு நன்கொடை இல்லை என்ற விதியும் இருந்தது. முந்தி வந்து இடம்பிடித்தவர்கள் மிசன்காரர் என்பதால், அது சைவருக்கும் பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராகவே வேலை செய்தது. தர்மம் என்று பேசப்பட்ட இந்தப் பள்ளிகளின் பலம் பாதி இந்தச் சட்டத்தில்தான் இருந்தது.

இதே மெதடிஸ்த சபை ஆபிரிக்காவில் நடத்திய வேலையோடு ஒப்பிட்டால் காரைதீவுக் கரையின் தனித்தன்மை துலங்கும். இன்றைய கானாவின் கேப் கோஸ்ட்டில் மெதடிஸ்த பாதிரியார் ஜோசப் டன்வெல் 1835 ஜனவரியில் இறங்கி, அதே ஆண்டு ஜூனில் காய்ச்சலில் இறந்தார். ஓல்ட்டின் கதைதான் அங்கும். 1876இல் அங்கே தொடங்கிய உவெஸ்லியன் பள்ளி பின்னர் மிஃபான்சிபிம் என்ற புகழ்பெற்ற கல்லூரியானது. இதுவரைக்கும் இரண்டு கரைகளும் ஒரே தடத்தில் போகின்றன. பிரிவது அதற்குப் பிறகு. ஆபிரிக்காவின் பல நாட்டுப்புறங்களில் மக்கள் பெருந்தொகையாகக் கிறிஸ்தவத்தை ஏற்றார்கள். ஏற்றபின், வெள்ளைக்காரப் பாதிரிமாரின் மேலாதிக்கத்தைப் பொறுக்காமல் தங்கள் சபையைத் தாங்களே அமைத்தார்கள். தென்னாபிரிக்காவில் உவெஸ்லியன் ஊழியராக இருந்த மங்கேனா மொக்கோனே 1892இல் விலகி எத்தியோப்பியத் திருச்சபையைத் தொடங்கியது அப்படித்தான். அங்கே கேள்வி சபை யாருடையது என்பது. இங்கே சண்டை பள்ளிக்கூடத்தைப் பற்றி.

அந்தச் சண்டையின் முக்கிய ஆள் காரைதீவிலேயே பிறந்தார், அதுவும் 1892இல். மார்ச் 27ஆம் திகதி பிறந்த மயில்வாகனன், பின்னாளில் சுவாமி விபுலானந்தர். ஊரில் எழுத்தறிந்து, கல்முனை மெதடிஸ்த பள்ளியில் இங்கிலீசு படித்து, மட்டக்களப்பு புனித மிக்கேலுக்குப் போய், 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை தேறினார். பிறகு புனித மிக்கேலிலேயே ஆசிரியர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படிப்பித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம், 1920இல் லண்டன் பி.எஸ்சி. அந்த ஆண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு, 1925இல் இலங்கை திரும்பினார். மிசன் பள்ளியில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்ததால் அதன் உள்நடப்பு முழுவதும் அவருக்குத் தெரியும்: வருகைப் பதிவு, நன்கொடை விண்ணப்பம், விடுதி, மனேஜர் பதவி.

இராமகிருஷ்ண மிசன் இலங்கையில் பள்ளிகளை நடத்தத் தொடங்கியபோது அவற்றின் முகாமையை அவரே பார்த்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாணவர் இல்லங்களும் அங்கே அமைந்தன. காரைதீவில் பெண்பிள்ளைகளுக்குச் சாரதையின் பெயரால் பள்ளி அமைந்தது. பெண்கல்விக்கு முதலிடம் கொடுத்ததில் காரணம் இருந்தது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசனின் வின்சன்ட் பெண்கள் பள்ளிக்கு எதிரே வைக்கச் சைவர்களிடம் அப்போது ஒன்றுமே இல்லை. வடக்கில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பள்ளிக் காரியம் கிழக்குக் கரைக்கு வர இவ்வளவு காலம் பிடித்தது. நாவலர் கண்டனம் எழுதி மிசனோடு மோதினார். விபுலானந்தர் மிசனைத் திட்டி அதிகம் எழுதவில்லை. அவர்கள் செய்ததைச் சைவப் பிள்ளைகளுக்கு அதே ஒழுங்கோடு செய்தார், அரசு நன்கொடையையும் அதே விதிப்படி வாங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947 ஜூலை 19ஆம் திகதி மறைந்தார். உடல் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

முஸ்லிம் ஊர்களில் தயக்கம் நீண்டது. மிசன் பள்ளிக்குப் போனால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்ற பயம் வீடுகளில் இருந்தது. பெண்பிள்ளைகள் விடயத்தில் அது இன்னும் கடுமை. இந்த இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் அரசுதான். 1941இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை தொடங்கியபின் முஸ்லிம் ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் கிடைத்தார்கள். 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி வந்தது. ஆனாலும் வசதியுள்ள முஸ்லிம் குடும்பங்கள் மிசன் பள்ளியை முற்றாக விலக்கவில்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசின் முன்னாள் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் படித்த பள்ளிகளுள் உவெஸ்லியும் ஒன்று.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதே மிசனின் பிடி தளர்ந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளை அரசுடைமையாக்கின. மேற்குக் கரையில் கத்தோலிக்கர் பள்ளிகளுக்குள் குடியிருந்து போராடினார்கள். இந்தச் சட்டங்களின் வீச்சில் இராமகிருஷ்ண மிசனின் பள்ளிகளும் அகப்பட்டன. பெயர்கள் மட்டும் நிலைத்தன. காரைதீவில் இ.கி.மி. என்ற எழுத்துகளோடு இன்றும் பள்ளி இயங்குகிறது, நடத்துவது அரசு.

பள்ளிகள் கைவிட்டுப்போன பின் சபைகளின் வேலை நிவாரணம் பக்கம் நகர்ந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் தொடங்கிப் போர்க்காலம் முழுவதும் அது நீண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது நாட்டிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் கடற்கரைப் பக்கத்தை இழந்தன. கத்தோலிக்கரின் கரித்தாஸ், மெதடிஸ்த சபை, வேர்ல்ட் விஷன், இஸ்லாமிக் ரிலீப், இராமகிருஷ்ண மிசன் எல்லாம் வேலைக்கு இறங்கின. அந்த ஆண்டு ஜூலையில்தான் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்து, உயர்நீதிமன்றத்தில் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நின்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த சிறு சபைகள் சில, நிவாரணப் பொருளோடு பிரசாரத்தையும் சேர்த்துக் கொடுப்பதாக நாட்டில் முறைப்பாடுகள் எழுந்தன. அதைக் கண்டித்தவர்களில் பழைய மெதடிஸ்த பாதிரிமாரும் இருந்தார்கள். ஓல்ட் காலத்து ஆவலை அவர்களின் சபை எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் வீடு கட்டப் பணம் இருந்தது, நிலம்தான் இல்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. ஒடுங்கிய மணற்பரப்பில் அந்த 200 மீட்டரை விட்டால் மிஞ்சுவது வயல். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளை எந்தச் சமூகத்தாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் விவகாரம் நீதிமன்றம்வரை போனது, வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன.