துண்டும் பற்றுச்சீட்டும் பிரசாவுரிமையும்

தொழில் தேடி வருபவனிடம் அவனது கைத்திறனை வினவுதல் இயல்பு. அதற்கு முன்னரே அவனுடைய பத்திரத்தை வாங்கிப் பார்த்து, அவன் வேலை செய்தற்கு உரியவன்தானா என்று தேர்ந்து தெளியும் பொறுப்பு வேலை கொடுப்போர் மீது சுமத்தப்பட்டமை அண்மைக்காலத்து மேனாட்டு வழக்கம் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொறுப்பை எல்லா முதலாளிமார்க்கும் விதித்தது. பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தொடக்கிவைத்தது. 2024ஆம் ஆண்டு முதல் அங்கே உரிமையில்லாத ஒருவரை வேலைக்கமர்த்தியவர் முதன்முறை பிடிபட்டாலே 45,000 பவுண் வரை தண்டம் இறுக்க நேரும். இலண்டனிற் கடை நடத்தும் நம்மவரைக் கேட்டால் இதன் கடுமையைக் கதைகதையாகச் சொல்வர். ஆனால் இவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று நம் இலங்கைத் தீவிலேயே, அதுவும் தமிழ்த் தொழிலாளரின் முதுகின்மேலேயே ஊன்றியதென்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வாம்.

கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவிய காலத்தே, தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். இவர்களின் வழிச்செலவும் உணவுச்செலவும் முற்பணமாகக் கங்காணி பேரிலும், அவன் வாயிலாகத் தொழிலாளி பேரிலும் கடனாக ஏறின. தோட்டத்துரைக்கு அக்கடனே ஆளைப் பிணிக்குங் கயிறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அக்கயிற்றை முறுக்கியது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் அச்சட்டத்தின்படி குற்றமாயிற்று. மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஒப்பந்தக் கடனைக் குடியியல் நீதிமன்றில் தீர்க்கும் முறை மற்றையோர்க்கு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ கடன் சிறைச்சாலை வரை சென்றது. பிறருடைய ஆளை ஆசைகாட்டி அழைத்து வேலை கொடுத்த துரையும் அதே சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரியவன். ஆகவே புதிதாக ஆள் வந்தால், அவன் வேறொருவனுக்குக் கட்டுப்பட்டவனல்லன் என்று உறுதி செய்துகொள்வது துரைமார்க்குத் தற்காப்பாயிற்று.

இத்தேவையிலிருந்து பிறந்ததே 'துண்டு' என்பது. ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் கங்காணிக்கு அத்தோட்டத்துத் துரை ஒரு கடதாசித் துண்டை எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இவனது இத்தனை ஆட்களையும் விடுவிப்பேன் என்பது அதன் சாரம். கங்காணி அத்துண்டுடன் தோட்டந் தோட்டமாகச் சென்று விலை பேசுவான். புதிய துரை பழைய கடனை அடைத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் அடைபடாது, கை மாறும். ஒவ்வொரு கைமாற்றிலும் கங்காணி தனக்கென ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ள, தொகை வளர்ந்துகொண்டே போகும். மாட்டுச் சந்தையிற்கூட மாடு தன் விலையைத் தான் கட்டுவதில்லை. இங்கே தொழிலாளி தன்னை விற்ற விலையைத் தன் கூலியிலிருந்தே கட்டினான்.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரின் பதிவையும் சம்பளக் கொடுப்பனவையும் ஓரளவு ஒழுங்குபடுத்தியது. விலகும் தொழிலாளிக்கு விடுகைச் சான்று கொடுக்கப்படவேண்டும் என்ற முறை நிலைபெற்றது. மலைநாட்டார் வாயில் அது 'பற்றுச்சீட்டு' ஆயிற்று. அச்சீட்டின்றி வருபவனை அடுத்த தோட்டம் ஏற்காது. பின்னாளில், துரையின் சினத்துக்கு ஆளானவனைத் தோட்டத்தை விட்டு விரட்டுவதையே 'பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்லும் வழக்கும் உண்டாயிற்று. கொடுத்தாலுந் துன்பம், கொடாவிட்டாலுந் துன்பம் என்னும்படி அமைந்த பத்திரம் அது. அதனை எழுதுபவரும் முதலாளி, அதனைச் சோதிப்பவரும் முதலாளி. தொழிலாளிக்கு அதைச் சுமக்கும் வேலை மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகரவட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு, கங்காணியின் துணையின்றியும் அவரவர் உரிய தோட்டத்தைச் சென்றடையலாம். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் இப்பயணம் எளிதாயிற்று. துண்டுமுறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதுகாறும் பத்திரம் விடை சொன்ன வினா ஒன்றே: 'இவன் யாருக்குக் கடன்பட்டவன்?' என்பது. 1930ஆம் ஆண்டுகளில் வினா மாறியது. 'இவன் எந்த நாட்டவன்?' என்று கேட்கத் தலைப்பட்டனர். அதனை முதலிற் பெரிதாகக் கேட்ட முதலாளி அரசாங்கமே என்பது கருதற்பாலது. 1939ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு உழைத்த இந்தியருள் குறுகிய காலச் சேவையுடையோரை நீக்க முடிவாயிற்று. சவகர்லால் நேரு அவ்வாண்டு யூலை மாதத்தில் கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. அவர் வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. ஓகஸ்டு 1ஆந் திகதி முதல் பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது.

சுதந்திரத்தின் பின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததுபோற் காட்டிற்று. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதிக்கு முன் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டும். எழுத்தறிவில்லாத ஒரு கூலியாள் தன் வதிவை எதனால் நிறுவுவான்? தோட்டத்துச் செக்றோல் புத்தகமும் பற்றுச்சீட்டுமே அவனுக்கிருந்த சாட்சிகள். ஒரு காலத்தில் அவனைக் கட்டிவைத்த பத்திரமே பின்னொரு காலத்தில் அவன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்குச் சான்றாயிற்று! ஏறத்தாழ 8,25,000 பேர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் 1,34,000 அளவினரே. செக்றோலில் 'இராமசாமி' என்றும் பிறப்புப் பதிவில் 'ராமன்' என்றும் எழுதப்பட்டிருந்தால் இருவரும் ஒருவரே என்று நிறுவுவது எளிதன்று. எழுதியவர் கணக்கப்பிள்ளை, தண்டனை பெற்றவர் எழுதப்பட்டவர்.

அதே காலத்தே 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தது. களவாகக் கரையிறங்கியோர்க்குப் புகலிடங் கொடுத்தவரும் அதன்படி குற்றவாளியே. வடகரையில் 1952ஆம் ஆண்டு முதல் படையினர் காவல் செய்தனர். 1963ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. 'கள்ளத்தோணி' என்னுஞ் சொல் நம் கரையோரத்திற் பிறந்து, தோணியையே கண்டிராத, மலையிற் பிறந்த மக்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அதனை நம்மவரும் கூசாது வழங்கினர் என்பதை ஈண்டு மறைத்தல் நேர்மையாகாது.

1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னியில் வந்து குடியேறின. மாங்குளத்தைச் சுற்றியும், கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலும் காடுவெட்டிக் கழனியாக்கியதில் அவர்தம் உழைப்புப் பெரிது. பிரசாவுரிமை இல்லாதார்க்கு அரசாங்கக் காணி கிடைப்பது அரிது. அரசாங்க உத்தியோகமோ கிட்டாதது. ஆகவே பிறர் வயலிற் கூலிக்குழைத்தனர். பத்திரமில்லாதவனுக்குக் குறைந்த கூலி போதும் என்று எண்ணிய காணிக்காரர் நம்மிடையே இருந்தனர். பத்திரம் பார்க்கும் கடமையைச் சட்டம் முதலாளிமேல் வைப்பினும், பத்திரமின்மையால் வரும் இலாபமும் அவன் பையிலேயே விழுகின்றது என்பதற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழிவந்தார்க்கும் பிரசாவுரிமையை வழங்கிற்று.

எம் பாடசாலையில் மாணவனொருவனுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பியபோது, அவனுடைய பாட்டியார் ஒரு பொலித்தீன் உறையை எடுத்துவந்தார். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் நகையும் நெல்லும் போயின. இவ்வுறையை மட்டும் இடுப்பிற் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை நடந்ததாகக் கூறினார். உள்ளே அவர் தந்தையாரின் பற்றுச்சீட்டு இருந்தது. விண்ணப்பத்துக்கு அது வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் அதனை மீண்டும் நான்காக மடித்து உறையிலிட்டு, இடுப்பிற் செருகிக்கொண்டார்.